ஏழாவது ஆள்

போன மாதப் பௌர்ணமியன்று எங்கள் நெல்லித்தோப்புத் தெருவில் ஒரு வேன் முக்கால் மணி நேரம் நகராமல் நின்றது. ரிப்பேர் எதுவும் இல்லை. ஒரு நாய்தான் காரணம்.

நாயின் பெயர் மிலு. அதன் சொந்தக்காரரைத் தெருவில் 'சொல்தா ஐயா' என்பார்கள். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சொல்தா என்றால் பிரெஞ்சு மொழியில் சிப்பாய். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ரிடையராகி, ஊர் திரும்பி, யூரோவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஐயா அந்த ரகம். நாய்க்குப் பெயர் வைத்ததிலும் பிரெஞ்சு வாசனை. டின்டின் படக்கதைகளில் கூடவே ஓடி வருமே ஒரு வெள்ளை நாய், ஆங்கிலத்தில் ஸ்நோயி, அதற்கு மூலத்தில் மிலு என்றுதான் பெயர். நம்ம மிலு வெள்ளை இல்லை. செம்மண் கலர். அசல் தெருநாய் வம்சம்.

வேன், திருவண்ணாமலை கிரிவலத்துக்கு. ஐயாவின் வீட்டம்மாதான் ஏற்பாடு. எல்லோரும் ஏறியாகிவிட்டது. கடைசியாக ஐயா ஏறினார். அவர் பின்னாலேயே மிலுவும் ஏறியது.

"சாமி காரியத்துக்குப் போற வண்டி சார். நாயெல்லாம் ஏத்த முடியாது" என்றார் டிரைவர்.

"அதுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கப்பா."

"காசுக்கில்ல சார்... மலைய சுத்தப் போறோம். நாயோடயா?"

"அப்ப நானும் வரல."

இறங்கிவிட்டார். சமாதானப் பேச்சுவார்த்தை முக்கால் மணி நேரம் நடந்து, தோல்வியில் முடிந்தது. வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிப் போனார். மறுநாள் காலையில் பால் வாங்கப் போன என்னை ஐயா மடக்கினார்.

"தம்பி, வாரா வாரம் பழைய கதையெல்லாம் எழுதறீங்களே. நாயக் கூட்டிக்கிட்டு மலை ஏறுனவன் உலகத்துல ஒருத்தன்கூடவா இல்ல? தேடிப் பார்த்து எழுதுங்க. அந்த டிரைவர் படிக்கணும்."

இல்லாமலா? முதல் ஆளே தருமர்தானே!

பாரதப் போர் முடிந்து 36 வருஷம். கிருஷ்ணர் போய்விட்டார், துவாரகை போய்விட்டது. போதும் என்று முடிவு செய்து பாண்டவர்கள் மரவுரி கட்டிக்கொண்டு அஸ்தினாபுரத்தை விட்டுக் கிளம்புகிறார்கள். சகோதரர்கள் ஐந்து பேர், திரௌபதியோடு ஆறு. வழியில் ஒரு நாய் சேர்ந்துகொள்கிறது. மகாபாரதம் அந்த நாயை 'ஏழாவது' என்றே கணக்கில் சேர்க்கிறது. 'கூடவே ஒரு நாயும் போனது' என்று போகிற போக்கில் சொல்லிவிடவில்லை. வரிசையில் ஏழாவது.

இமயம் ஏறுகிறார்கள். திரௌபதி விழுகிறாள். அப்புறம் சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன். கடைசியில் மிச்சம் ஒரு மனுஷனும் ஒரு நாயும். இந்திரன் ரதத்தோடு வந்து, ஏறிக்கொள், ஆனால் நாய்க்கு சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். நம்பிக் கூட வந்த ஜீவனை விட்டுவிட்டு எனக்கு சொர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். எங்கள் தெரு வேனில் நடந்த அதே சண்டை. என்ன, அங்கே ரதம்!

பிறகு அந்த நாய் தர்மதேவதையாக மாறியது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்தக் கடைசித் திருப்பம் அவ்வளவாகப் பிடிக்காது. தேவதை என்று தெரியாமல்தானே தருமர் அடம்பிடித்தார்? அது கடைசிவரை வெறும் நாயாகவே இருந்திருந்தால்தான் என்ன?

இதில் இந்திரன் பேசியது கொஞ்சம் ஓவர். ஏனென்றால் அவன் வீட்டிலேயே ஒரு நாய் உண்டு. சரமா. பணிகள் என்ற கூட்டம் பசுக்களைத் திருடிக்கொண்டு போய் மலைப்பாறைக்குள் ஒளித்து வைத்தபோது, ரசா என்ற நதியைத் தாண்டிப் போய் அவற்றைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ரிக் வேதத்தில் இருக்கிறது. தன் காரியத்துக்கு மலைக்கு நாயை அனுப்பியவன், இன்னொருவன் நாயோடு வந்தால் கதவைச் சாத்துகிறான்.

புராணம் இருக்கட்டும். சரித்திரத்துக்கு வருவோம்.

ஐயா வேலை பார்த்த பிரான்சின் எல்லையில்தான் மோன் பிளாங் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளிலேயே உயரமான சிகரம். கிட்டத்தட்ட 4,800 மீட்டர். 1875-ல் அதன் உச்சிக்கு ஒரு நாய் தன் சொந்தக் காலில் நடந்தே ஏறியது. பெயர் சிங்கெல். சிங்கம் இல்லை, சிங்கெல்! ஸ்விட்சர்லாந்தில் உள்ள ஒரு கணவாயின் பெயர் அது. குட்டியாக இருந்தபோது முதல்முதலாக அந்தப் பனிக் கணவாயைத்தான் தாண்டியதாம். அதனால் அந்தப் பெயர்.

வளர்த்தவர் கிறிஸ்டியன் ஆல்மர். அந்தக் காலத்து ஆல்ப்ஸ் வழிகாட்டிகளில் பெரிய கை. 1868-ல் அவரோடு மலை ஏற வந்தான் கூலிட்ஜ் என்ற 17 வயது அமெரிக்கப் பையன். ஐகர் சிகரத்தில் ஏற முயன்று முடியாமல் முகம் தொங்கிப்போய் இறங்கியவனைச் சமாதானப்படுத்த, ஆல்மர் தன் நாயையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கூலிட்ஜ், அவனுடைய அத்தை மெட்டா ப்ரவூர்ட், ஆல்மர், சிங்கெல் என்று ஒரு கோஷ்டி. (அந்த அம்மாள் அவனுக்கு அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று கேட்காதீர்கள். ஆங்கிலேயர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.)

சும்மா சொல்லக்கூடாது, சிங்கெல் ஏறிய பட்டியல் பிரமாதமானது. 30 சிகரம், 36 கணவாய். மொத்தம் 66. மோண்டே ரோசா, யுங்ஃப்ராவ் எல்லாம் அதில் அடக்கம். பனி குத்திக் காலில் ரத்தம் வருகிறதே என்று தோலில் ஷூ தைத்துப் போட்டார்கள். உதறித் தள்ளிவிட்டது. பனிப்பாளத்தில் மேலாக மூடிக்கிடக்கும் வெடிப்புகளை மனிதர்களுக்கு முன்னால் மோப்பம் பிடித்துவிடும் என்று பெயர் வாங்கியது. இளைப்பாற உட்கார்ந்தால் அதற்குக் கொஞ்சம் சிவப்பு ஒயின் வேண்டும். இதைச் சொன்னதும் சொல்தா ஐயா ரொம்ப சந்தோஷப்பட்டார்.

இனிமேல் வருவதுதான் எனக்கு உறுத்துகிற இடம்.

லண்டனில் 1857-ல் ஆரம்பித்த ஆல்பைன் கிளப் என்று ஒன்று உண்டு. மலையேறுகிறவர்களின் முதல் சங்கம். சிங்கெலை அந்த கிளப்பின் கௌரவ உறுப்பினர் என்று பாதி விளையாட்டாகவும் பாதி பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கூடவே ஏறிய அத்தையை விளையாட்டாகக்கூட உறுப்பினர் என்று சொல்ல வழியில்லை. பெண்களுக்கு அங்கே இடமே கிடையாது! இத்தனைக்கும் வைஸ்ஹார்ன் சிகரத்தில் ஏறிய முதல் பெண் அவர். மேட்டர்ஹார்னில் ஸ்விட்சர்லாந்துப் பக்கம் ஏறி இத்தாலிப் பக்கம் இறங்கிய முதல் பெண்ணும் அவர்தான். இரண்டும் 1871-ல். அதே வருஷம் பீட்ஷ்ஹார்ன் சிகரத்தில் ஏறிவிட்டு இறங்கும்போது, இருட்டி ஒரு ராத்திரி முழுக்க மலையிலேயே மாட்டிக்கொண்டார். அந்த அனுபவத்தை அவரே எழுதினார். கிளப்பின் பத்திரிகையில் அது வெளியானது யார் பெயரில் தெரியுமா? மருமகன் கூலிட்ஜ் பெயரில்.

நான் பி.காம் படித்தவன். எதைப் பார்த்தாலும் பேரேட்டைப் புரட்டுகிற புத்தி போகாது. அத்தையின் வரவு மருமகன் கணக்கில் ஏறியிருக்கிறது. நாயின் வரவு மட்டும் நாயின் பெயரிலேயே சரியாக எழுதப்பட்டிருக்கிறது. மெட்டா ப்ரவூர்ட் 1876-ல் காலமானார். சிங்கெல் 1879-ல் இங்கிலாந்தில், அடுப்பங்கரைக் கணப்பின் முன்னால் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. அந்த கிளப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1970-களின் நடுவில்தான்.

அதே 1879-ம் வருஷக் கடைசியில், டிசம்பர் 30 அன்று, நம்ம பக்கம் திருச்சுழியில் ஒரு குழந்தை பிறந்தது. முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள், தேதியைப் பார்த்ததும் தோன்றியது, சொன்னேன். குழந்தையின் பெயர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி.

வேன் டிரைவர் எந்த மலைக்கு நாய் ஆகாது என்றாரோ, அந்த மலைக்கே இப்போது வந்துவிட்டோம். புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டரும் கொஞ்சமும். திண்டிவனம், செஞ்சி தாண்டினால் தெரிய ஆரம்பித்துவிடும். 800 மீட்டரைச் சொற்பம் தாண்டுகிற உயரம்தான், ஆல்ப்ஸ்காரன் பார்த்தால் சிரிப்பான். ஆனால் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயிலில் அந்தப் பாறை என்ன பாடு படுத்தும் என்று.

1896-ல் பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்த ரமணர், 1899 வாக்கில் மலைமேல் விரூபாட்ச குகைக்குப் போனார். 1916 வரை அங்கே. பிறகு இன்னும் மேலே ஸ்கந்தாசிரமம், 1922 வரை. ஆக, இருபது வருஷத்துக்கு மேல் மலை வாசம். அந்த மலை வாசத்தில் கூட இருந்தவர்களில் நாய்களும் உண்டு. ஒன்றிரண்டு அல்ல, வம்சமாகவே இருந்தன.

கமலா என்று ஒரு பெண் நாய். ஸ்கந்தாசிரமத்துக்குக் குட்டியாக வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் குட்டி போட்டு இடத்தை நிறைத்துவிடுமே என்று பயந்து, இருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள். போகவில்லை. பயந்தபடியே குட்டியும் போட்டது. அப்போது நடந்ததுதான் வேடிக்கை. கமலாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆசிரமத்திலேயே சுத்தமான இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்து! பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்கு என்ன உண்டோ, அத்தனையும்.

கமலா பதிலுக்கு ஒரு வேலை பார்த்தது. மலைக்குப் புதிதாக யாராவது வந்தால், இவரைச் சுற்றிக் காட்டிக் கூட்டிவா என்று ரமணர் அதனிடம் சொல்லுவாராம். கமலா முன்னால் நடக்கும். வந்தவர் பின்னால் போவார். மலையைச் சுற்றியுள்ள தீர்த்தம், சந்நிதி, சிலை ஒன்று விடாமல் நிறுத்தி நிறுத்திக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இதை ரமணரின் வாழ்க்கையை எழுதிய ஆர்தர் ஆஸ்பார்ன் பதிவு செய்திருக்கிறார். அதாவது டிரைவர் அவர்களே... மலையைச் சுற்ற நாயோடு போகலாமா என்று கேட்டீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே சுற்றிக்காட்டியதே ஒரு நாய்தான்!

(பக்கத்தில் கலசபாக்கம் பகுதியில் இருக்கும் பர்வதமலை ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் ஒரு நாய் முன்னால் வழிகாட்டிக்கொண்டே வந்தது, பைரவர்தான் வந்தார் என்று சொல்கிறவர்கள் நிறைய. பையில் இருக்கிற பிஸ்கட்டுக்காக வந்திருக்கும் என்பது என் கட்சி. பைரவருக்கும் பசிக்கும்தானே.)

தமிழில் நாய் அஃறிணை. 'நாய் வந்தது' என்றுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். இந்தக் கட்டுரையில் நானும் 'அது', 'ஏறியது' என்றுதானே எழுதிக்கொண்டு வருகிறேன்? ரமணர் அப்படிப் பேசியதில்லை. எந்த மிருகத்தைச் சொன்னாலும் அவன், அவள்தான். 'பையன்கள் சாப்பிட்டாயிற்றா' என்கிற மாதிரி அவர் விசாரித்தால், நாய்களைக் கேட்கிறார் என்று அர்த்தம். ஆசிரமத்தில் சாப்பாட்டு வரிசையும் அப்படித்தான். முதலில் நாய்களுக்கு, பிறகு பிச்சை கேட்டு வந்தவர்களுக்கு, கடைசியாகத்தான் பக்தர்களுக்கு.

விரூபாட்ச குகைக் காலத்தில் இன்னொருவன் இருந்தான். சின்னக் கருப்பன். உடம்பு முழுக்கக் கருப்பு. முதலில் யாரிடமும் ஒட்டமாட்டான். புதருக்கு மேலே தலை மட்டும் தெரியும், கிட்டே போனால் ஆளைக் காணோம். சரி, அவன் வைராக்கியம் அவனோடு என்று, அவன் இருக்கிற பக்கம் சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒருநாள் கூட்டமாக மலை ஏறிக்கொண்டிருக்கும்போது பாதையின் குறுக்கே பாய்ந்து வந்தான். அத்தனை பேரில் ரமணரை மட்டும் தேடிப் பிடித்து, வாலை ஆட்டி, மேலே தாவிக் குதித்தான். அன்றிலிருந்து குகைவாசி. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொருவரிடமும் போய் ஒட்டிக்கொள்வான், மடியில் ஏறிப் படுப்பான். தள்ளிவிட்டாலும் கோபம் கிடையாது.

ஒருநாள் குகைக்குப் பக்கத்தில் ஒரு வில்வமரத்தடியில் ஆசாரமான பிராமணர் ஒருவர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாய் கிட்டே வந்தாலே தீட்டு என்று நினைக்கிறவர். கருப்பனுக்கு அதெல்லாம் தெரியுமா? எல்லோரிடமும் போவது மாதிரி அவரிடமும் போனான். அங்கே இருந்த சிஷ்யர் ஒருவர், அந்தப் பெரியவர் மனம் கோணக்கூடாதே என்று கம்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பலமாகக்கூட இல்லை.

கருப்பன் அழுதுகொண்டே ஓடினான். திரும்பி வரவே இல்லை. அந்த மலையில் அவனை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கதை நமக்குத் தெரிவது எப்படி? ரமணரே சொல்லித்தான். பிற்காலத்தில் பக்தர்களிடம் கருப்பனைப் பற்றி விவரமாகச் சொல்லியிருக்கிறார். வந்து போன எத்தனையோ பேரின் பெயர் தெரியாமல் போய்விட்டது. தட்டினவர் பெயரும் இந்தக் கதையில் இல்லை, மந்திரம் சொன்னவர் பெயரும் இல்லை. கருப்பன் பெயர் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு மறுபடி மகாபாரதம்தான் ஞாபகம் வந்தது. ஆதிபர்வத்தின் ஆரம்பத்தில் ஒரு நாய்க்குட்டி வரும். ஜனமேஜயன் யாகம் செய்துகொண்டிருக்கிறான். குட்டி ஒன்று அந்தப் பக்கம் போகிறது. ராஜாவின் தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அழுதுகொண்டே அம்மாவிடம் போகிறது. நான் அவிர்ப்பாகத்தை நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை, சும்மா அடித்தார்கள் என்கிறது. அம்மா யார்? அதே சரமா! நேராக யாகசாலைக்குப் போய் நியாயம் கேட்கிறாள். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. எதிர்பாராத ஆபத்து உன்னை வந்து பிடிக்கும் என்று ராஜாவுக்குச் சாபம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவு பெரிய இதிகாசத்துக்கு முன்வாசலில் அடிபட்ட நாய், பின்வாசலில் விடமாட்டேன் என்று காக்கப்பட்ட நாய். நடுவில்தான் பதினெட்டு நாள் சண்டையெல்லாம்.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயே ஒரு மானுக்கும், காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. அடுத்த முறை நின்று பாருங்கள்.

கடைசியாக ஒரு சமீபத்திய ஆள். 2018 நவம்பர். நேபாளத்தில் டான் வார்காவ்ஸ்கி என்ற அமெரிக்க வழிகாட்டி, ஒரு குழுவோடு மேரா சிகரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் எங்கிருந்தோ ஒரு தெருநாய் வந்து ஒட்டிக்கொண்டது. மேரா என்றே பெயர் வைத்தார்கள். அடுத்து இவர்கள் ஏற வேண்டியது பருன்ட்சே சிகரம், 7,129 மீட்டர். நாய் விடவில்லை. ராத்திரி அவர் கூடாரத்திலேயே படுத்துக்கொண்டது. உச்சி வரைக்கும் ஏறியது! இமயத்தில் 7,000 மீட்டருக்கு மேல் ஒரு நாய் ஏறியதாகப் பதிவானது அப்போதுதான். இறங்கும்போது செங்குத்தான இடங்களில் கயிறு கட்டி இறக்கினார்கள். பிறகு முகாமைப் பார்த்துக்கொண்ட காஜி ஷெர்பா என்பவர் அதை காத்மாண்டு கூட்டிப்போய்த் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 'பரு' என்று புதுப்பெயர்.

எப்படி முடிகிறது என்றால், திபெத் பக்கத்து நாய்களுக்கு உயரத்தில் மூச்சு வாங்காமல் இருக்க உதவும் ஒரு மரபணு, ஓநாய்களிடமிருந்து வந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பாதத்தில் சூடான ரத்தம் போகிற குழாயும் குளிர்ந்த ரத்தம் திரும்புகிற குழாயும் ஒட்டி ஒட்டி இருப்பதால், பனியில் நின்றாலும் உடம்புச் சூடு வீணாகாது. ஆனால் நம்ம ஊர்ப் பிரச்னை பனி இல்லையே, வெயில்தானே? நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு விட்டுத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பகலில் கொதிக்கிற தார் ரோட்டில் நடத்தினால் பாதம் வெந்துவிடும். பௌர்ணமி ராத்திரி என்றால் சூடு இல்லை, ஆனால் லட்சக்கணக்கில் ஜனம். அந்த நெரிசலில் 14 கிலோமீட்டர் மிலுவைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு போவது பக்தியும் இல்லை, பாசமும் இல்லை. இதை ஐயாவிடம் சொன்னேன். டிரைவர் சொன்ன காரணம் தப்பு, ஏற்றாமல் விட்டது ஒரு வகையில் மிலுவுக்கு நல்லதாகப் போனது.

ஐயா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் மிலுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கோரிமேடு தெரியுமில்ல தம்பி?" என்றார்.

தெரியாமலா? ஜிப்மர் இருக்கிற இடம். புதுச்சேரியில் மலை கிடையாது, இருக்கிற மேடு அது ஒன்றுதான். சராசரியாக 30 மீட்டர் உயரம். அந்த செம்மண் மேட்டுக்கு பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் 'மோந்தாஞ் ரூஜ்'. சிவப்பு மலைகள் என்று அர்த்தம்! மோன் பிளாங்கைத் தன் நாட்டில் வைத்திருக்கிறவன், முப்பது மீட்டரைப் பார்த்து எப்படித்தான் மலை என்று கூப்பிட்டானோ.

"வேன் போனப்பறம் வீட்ல ஒக்கார புடிக்கல. ராத்திரி நானும் மிலுவும் நடந்தே கோரிமேடு போய்ட்டு வந்தோம். நிலா நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு, ஒயின் குடிக்குமே, அது எத்தினி மலைன்னீங்க?"

"அறுபத்தாறு, ஐயா."

"இவனுக்கு ஒண்ணு எழுதிக்குங்க."